காசு கேட்காத கம்ப்யூட்டர்!

கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், படம் பார்க்கலாம் - மாணவர்கள் செய்து கொடுத்த புரோகிராம்கள்

ஜெர்மனி நாட்டில் டூபிங்கன் என்று ஓர் ஊர். ஆற்றங்கரையில் அமைந்த அழகான ஊர். அங்கே 500 ஆண்டுகளைத் தாண்டிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது.

1996-ம் ஆண்டு, அங்கே மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் படித்துக் கொண்டு இருந்தார். வயது 24. கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர்.

அவருடைய கம்ப்யூட்டரில் "லினக்ஸ்" ஓடியது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியது இல்லை. தம்முடைய தோழியின் கம்ப்யூட்டரிலும் அதையே போட்டுக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகச் சரி செய்தார்.

அப்போதுதான் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது.

லினக்சில் எல்லாம் இருந்தது. ஆனால் சாதாரண மனிதர் பயன்படுத்தும்படி ஒன்றும் இல்லை!

ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒன்றில் பழகிய கை, இன்னொன்றில் தடுமாறியது. கம்ப்யூட்டர் படித்தவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வந்து உட்காருகிறவர் என்ன செய்வார்?

அந்த ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, எட்ரிச் இன்டர்நெட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். "லினக்சுக்கு நல்ல முகப்பு ஒன்று செய்வோம். நிபுணருக்காக அல்ல. இன்டர்நெட் பார்க்கவும், கடிதம் எழுதவும், கொஞ்சம் விளையாடவும் விரும்புகிற சாதாரண ஆளுக்காக. கூட வேலை செய்ய யார் வருகிறீர்கள்?" என்பது அதன் கருத்து.

ஆட்கள் வந்தார்கள். சம்பளம் இல்லை.  இரண்டே ஆண்டில், 1998 ஜூலையில், வேலை முடிந்தது. "கே.டி.இ." என்ற அந்த முகப்பு இன்றும் உலகம் முழுவதும் ஓடிக் கொண்டு இருக்கிறது.

அதே தேதி!

29 ஆண்டுகள் கழிந்தன. மறுபடியும் ஓர் அக்டோபர் 14-ந் தேதி. ஆண்டு 2025.

அன்று மைக்ரோசாப்ட் கம்பெனி, "விண்டோஸ் 10"-க்கு இலவசமாகப் பழுது பார்ப்பதை நிறுத்தியது. பதிவு செய்து கொண்ட வீட்டுக்காரர்களுக்கு ஓர் ஆண்டு தவணை கொடுப்பதாக அறிவித்தது.

இதனால் கம்ப்யூட்டர் நின்று விடாது. ஓடும். ஆனால், அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அடைக்க ஆள் வர மாட்டார். கள்ளன் புகுந்தால் புகுந்ததுதான்.

"விண்டோஸ் 11"-க்கு மாறலாமே? மாறலாம். ஆனால் அதற்குத் தனியான பாதுகாப்புச் சில்லு வேண்டும். புதிய வகை பிராசசர் வேண்டும். 2017-ம் ஆண்டுக்கு முன் வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இதில் தேறாது. கண்ணாடி உடையவில்லை, விசை தேயவில்லை, பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது. ஆனாலும் "பழையது" என்று ஒதுக்கப்பட்டு விட்டது!

கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல. புதிது வாங்க வேண்டுமா? அல்லது எட்ரிச் செய்ததுபோல், அதில் லினக்சைப் போட்டுவிடலாமா?

போடலாம் என்று சொல்லுகிறவர்கள் பலர். கேட்கிறவர் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அதில் என் வேலை நடக்குமா?"

மேஸ்திரியும் ஆட்களும்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு மேஸ்திரி இருப்பார். செங்கல்லை அவர் அடுக்குவது இல்லை. யாருக்கு எங்கே வேலை, எந்தச் சாமான் யாருக்கு என்று பார்த்து, வேலை வாங்குவது அவர் பொறுப்பு. கொத்தனாரும் தச்சரும் அவருக்குக் கீழே வேலை செய்வார்கள்.

கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு மேஸ்திரி உண்டு. அதற்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். விண்டோஸ் ஒரு மேஸ்திரி. லினக்ஸ் இன்னொரு மேஸ்திரி. கடிதம் எழுதும் புரோகிராம், கணக்குப் போடும் புரோகிராம், படம் காட்டும் புரோகிராம் - இவை எல்லாம் ஆட்கள்.

வீட்டுக்காரருக்கு மேஸ்திரியின் பெயர் தெரிய வேண்டியது இல்லை. சுவர் நேராக எழும்பினால் போதும். ஆகவே, லினக்சைப் பற்றிக் கவலைப்படுவதை விட, அதில் வேலை செய்யும் ஆட்களைத் தெரிந்து கொள்ளுவதுதான் முக்கியம்.

அதற்கு முன் மேஸ்திரியின் வரலாறு, சுருக்கமாக:

அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் ஒரு பெரிய கல்வி நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே அச்சு எந்திரம் அடிக்கடி காகிதத்தில் சிக்கி நின்று விடும். பழைய எந்திரத்தில், சிக்கியதும் தகவல் வரும்படி புரோகிராமைத் திருத்தி வைத்து இருந்தார். புதிய எந்திரம் வந்தது. அதையும் திருத்த, புரோகிராமின் மூலப்பிரதியைக் கேட்டார். கிடைக்கவில்லை. "கொடுக்க மாட்டேன்" என்றார், அதை வைத்து இருந்தவர்.

ஸ்டால்மனுக்குக் கோபம் வந்தது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு ஒரு முழு சிஸ்டத்தையே எழுதுவேன் என்று 1983-ல் அறிவித்தார்.

1991-ல், பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினார். அதுவும் ஸ்டால்மன் குழு எழுதியவையும் சேர்ந்து முழு மேஸ்திரி ஆயின. அதுதான் இன்றைய லினக்ஸ்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்தான். அதனால் அங்கே இன்னும் குழப்பம் தீரவில்லை. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது என்பது சரி. ஆனால் முக்கியம் அது அல்ல. அது பூட்டு இல்லாதது. அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அடுத்த கதையில் தெரியும்.

16 வயதுப் பையன்

லினக்ஸ் வீட்டில் அதிகம் உழைக்கும் ஆள், "லிபர் ஆபீஸ்." கடிதம், கணக்கு, மேடையில் காட்டும் படத்தாள் - மூன்றையும் செய்யும்.

இதைத் தொடங்கியவர், மார்கோ பெர்ரிஸ் என்ற ஜெர்மனிப் பையன். 1985-ல், 16 வயதில், "ஸ்டார் டிவிஷன்" என்று ஒரு கம்பெனி தொடங்கினார். கடிதம் எழுத ஒரு புரோகிராம் செய்து விற்றார். நாளடைவில் அது "ஸ்டார் ஆபீஸ்" ஆக வளர்ந்தது.

1999-ல் "சன்" என்ற அமெரிக்கக் கம்பெனி அதை 7 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஏன் வாங்கியது தெரியுமா? சன் கம்பெனியில் அப்போது ஏறத்தாழ 42 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் மைக்ரோசாப்ட் ஆபீஸ் வாங்குவதை விட, ஒரு கம்பெனியையே வாங்கி விடுவது மலிவாக இருந்தது. சன் கம்பெனியில் இருந்த அதிகாரி ஒருவரே பின்னாளில் இப்படிச் சொன்னார்.

2000-ம் ஆண்டு, அதன் மூலப்பிரதியைச் சன் கம்பெனி ஊரறியத் திறந்து விட்டது. "ஓப்பன் ஆபீஸ்" பிறந்தது. பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து திருத்தினார்கள், வளர்த்தார்கள், தத்தம் மொழியில் மாற்றினார்கள்.

பிறகு இடி விழுந்தது. 2010 ஜனவரியில், சன் கம்பெனியையே "ஆரக்கிள்" என்ற பெரிய கம்பெனி வாங்கிவிட்டது!

"புது முதலாளி இதை வளர்ப்பாரா, மூடி விடுவாரா?" தொண்டர்களுக்குப் பயம் வந்தது. மாதங்கள் ஓடின. செப்டம்பர் 28-ந் தேதி, அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூலப்பிரதியின் நகலை எடுத்துக் கொண்டு, தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்!

திருட்டு அல்ல. லைசென்சில் அதற்கு உரிமை இருந்தது. பெயரை மட்டும் எடுத்துச் செல்ல முடியவில்லை. ஆகவே "லிபர் ஆபீஸ்" என்று புதுப்பெயர் வைத்தார்கள். "லிபர்" என்றால் பிரெஞ்சு மொழியில் விடுதலை பெற்றது என்று பொருள்.

சட்டப்படி ஓர் அறக்கட்டளை அமைக்க 50 ஆயிரம் யூரோ தேவைப்பட்டது. 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். எட்டே நாளில் பணம் சேர்ந்துவிட்டது. பெர்லின் நகரில் அந்த அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. ஆரக்கிள் கம்பெனியோ, அதே 2011-ல் ஓப்பன் ஆபீசை வேறோர் அமைப்புக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக் கொண்டது.

முதலாளி மாறினார். கம்பெனி மறைந்தது. ஆனால் 16 வயதுப் பையன் தொடங்கிய புரோகிராம் சாகவில்லை. அதில் எழுதி வைத்தவர்களின் கடிதங்களும் கணக்குகளும் கண்ணை மூடவில்லை. பூட்டு இல்லாததன் பயன் இது.

பால் கணக்கு 2,800 ஆண்டுகள்

லிபர் ஆபீசில் கடிதம் எழுதும் பகுதிக்கு "ரைட்டர்" என்று பெயர். விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டுரை எல்லாம் இதில் எழுதலாம். எழுதியதை ஒரே பொத்தானில் பி.டி.எப். ஆக்கலாம்.

கணக்குப் பகுதிக்கு "கால்க்" என்று பெயர். மைக்ரோசாப்ட் எக்செல் பழகியவர்களுக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. கூட்டுவதற்கு அதே சூத்திரம். சராசரிக்கு அதே சூத்திரம். ஒரு தாளில் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 வரிகள் இருக்கின்றன. நாளைக்கு ஒரு வரியாகப் பால் கணக்கு எழுதினால் 2,800 ஆண்டுகளுக்கு மேல் வரும்!

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரைட்டரில் எழுதிச் சேமித்தால், பைல் "ஓ.டி.டி." என்ற வகையில் அமரும். அதை அப்படியே பிறருக்கு அனுப்பினால், சில இடங்களில் "திறக்கவில்லை" என்று பதில் வரும். அனுப்பும்போது மட்டும், சேமிக்கும் பெட்டியில் "வேர்டு" வகையைத் தேர்ந்து எடுத்தால் தொல்லை இல்லை. திருத்த வேண்டியது இல்லை, படித்தால் போதும் என்றால், பி.டி.எப். அனுப்புவது நல்லது.

வேர்டில் எழுதிய கடிதத்தை இதில் திறந்தால் வரிகள் இடம் மாறுமா? மாறலாம். பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துரு இன்னொன்றில் இராது. வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்ததும், எழுத்தின் அகலம் மாறி, வரி உடைகிறது. இதற்காகவே, "டைம்ஸ் நியூ ரோமன்" எழுத்தின் அகலத்தை அப்படியே கொண்ட "லிபரேஷன்" எழுத்துருவை, 2007-ல் "ரெட் ஹேட்" என்ற கம்பெனி இலவசமாக வெளியிட்டது. உருவம் சற்று வேறு, அகலம் ஒன்றே. அதனால் வரி அசையாது.

ஓ.டி.டி. பைல் பூட்டு இல்லாதது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பைலை நகல் எடுத்து, நகலின் பெயரில் கடைசியில் உள்ள "ஓ.டி.டி." என்பதை "ஜிப்" என்று மாற்றித் திறந்தால், உள்ளே பல சிறு பைல்கள் தெரியும். அவற்றில் ஒன்றில், எழுதிய கடிதம் முழுவதும் சாதாரண எழுத்தாகவே இருக்கும்! இந்த முறை 2006-ல் உலகத் தர அமைப்பின் ஒப்புதல் பெற்றது. பேரன் காலத்தில் லிபர் ஆபீசே இல்லாமல் போனாலும், தாத்தாவின் கடிதத்தை வேறு புரோகிராமில் படித்து விடலாம்.

பெங்குவின் பிறந்த கதை

லினக்சின் சின்னம் ஒரு பெங்குவின் பறவை. வயிறு முட்டச் சாப்பிட்டு உட்கார்ந்து இருப்பது போல் இருக்கும்.

இந்தப் பறவையை 1996-ல் வரைந்தவர், லாரி யூயிங் என்ற அமெரிக்க மாணவர். அவர் எதைக் கொண்டு வரைந்தார்? தூரிகை அல்ல. "கிம்ப்" என்ற புரோகிராம்!

கிம்ப், படத்தைத் திருத்தும் புரோகிராம். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-ல் அதை எழுதத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். பொத்தான், பெட்டி, பட்டியல் என்று வேண்டிய சாமான்களை எல்லாம் அவர்களே செய்து கொண்டார்கள். அந்தச் சாமான்களை எடுத்து, மெக்சிகோ நாட்டு இளைஞர்கள் இருவர் 1997-ல் இன்னொரு முகப்பைக் கட்டத் தொடங்கினார்கள். அது "நோம்." எட்ரிச்சின் கே.டி.இ.க்குப் போட்டி! இன்று லினக்ஸ் போடுகிறவர்கள், இந்த இரண்டில் எது பிடிக்கிறதோ அதை வைத்துக் கொள்ளலாம்.

ரேஷன் கார்டுக்குப் படம் வெட்ட, மங்கிய பழைய குடும்பப் படத்துக்கு வெளிச்சம் ஏற்ற, கிம்ப் போதும். ஆனால் "போட்டோஷாப்" பழகிய கைக்கு முதலில் எரிச்சல் ஊட்டும். பொத்தான்கள் வேறு இடத்தில் இருக்கும். இன்னொன்று: இதில் "சேமி" என்றால், படம் கிம்ப்பின் சொந்த வகையில் சேமிக்கப்படும். சாதாரண ஜே.பி.ஜி. படம் வேண்டும் என்றால் "ஏற்றுமதி" என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் "படம் காணாமல் போயிற்று" என்று திண்டாடியவர்கள் பலர்.

சாலைக் கூம்பு

சாலை பழுது பார்க்கும் இடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்பு வைப்பார்கள். அந்தக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட "வி.எல்.சி."யைப் பார்க்காதவர் குறைவு. சினிமாப் படம், பாட்டு, கல்யாண வீடியோ எதைக் கொடுத்தாலும் காட்டும்.

அது பிறந்த கதை வேடிக்கையானது.

பாரிஸ் நகரை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரி. விடுதி மாணவர்களே அங்கே கம்ப்யூட்டர் இணைப்பை நடத்தி வந்தார்கள். அந்த இணைப்பு ஆமை வேகம். விளையாட்டு விளையாட முடியவில்லை! வேகமான இணைப்பு வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? ஒரு கம்பெனியை அணுகினார்கள். "சும்மா கொடுக்க முடியாது. செயற்கைக்கோள் டெலிவிஷனை இணைப்பு வழியாக அறைக்கு அறை காட்டுங்கள், பார்க்கலாம்" என்று பேச்சு முடிந்தது. 1996-ல் வேலை தொடங்கியது. காட்டிவிட்டார்கள்! விளையாட்டுக்கு இணைப்பும் கிடைத்தது. உலகத்துக்கு வி.எல்.சி.யும் கிடைத்தது.

2001 பிப்ரவரி 1-ந் தேதி, கல்லூரியின் சம்மதத்தோடு, மூலப்பிரதி எல்லாருக்கும் திறந்து விடப்பட்டது. கூம்பு எங்கிருந்து வந்தது? மாணவர்கள் தெருவில் இருந்து கூம்புகளைத் தூக்கி வந்து சேர்த்து வைத்து இருந்தார்கள். அதையே சின்னம் ஆக்கி விட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தக் கூம்பு சிவப்புக் குல்லாய் போட்டுக் கொள்ளும்!

மற்ற புரோகிராம்கள், புதிய வகை வீடியோவைக் கண்டால் "இதற்கு வேறு பொருள் வேண்டும்" என்று முரண்டு பிடிக்கும். வி.எல்.சி. வேண்டிய பொருளை எல்லாம் தன் மூட்டையிலேயே கொண்டு வருகிறது. அதுதான் ரகசியம்.

அதன் தலைவர் ழான் பாப்டிஸ்ட் கெம்ப். விளம்பரம் சேர்த்தால் கோடிக்கணக்கில் பணம் தருவதாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக அவர் கூறி இருக்கிறார். 2025 ஜனவரியில், வி.எல்.சி. 600 கோடி தடவை இறக்கிக் கொள்ளப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இன்டர்நெட் பார்ப்பதற்கு "பயர்பாக்ஸ்" இருக்கிறது. இது பலருக்குத் தெரிந்ததே. "நெட்ஸ்கேப்" கம்பெனி போட்டியில் தோற்கும் நிலையில், 1998-ல் தன் மூலப்பிரதியைத் திறந்து விட்டது. அந்தச் சாம்பலில் இருந்து 2004 நவம்பர் 9-ந் தேதி பயர்பாக்ஸ் எழுந்தது. அடுத்த மாதம் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் அதற்குப் பெரிய விளம்பரம் வந்தது. செலவைச் சாதாரண மக்கள் ஏற்றார்கள். அவர்கள் பெயரே பொடி எழுத்தில் விளம்பரத்தை நிறைத்தது!

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு "ஜிகாம்ப்ரி" என்று ஒன்று. எழுத்து, எண், கடிகாரம், புதிர் என்று நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள். பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயரை உச்சரித்தால், "எனக்குப் புரிந்துவிட்டது" என்பது போல் ஒலிக்கும். படம் வரைய விரும்பும் பிள்ளைக்கு "டக்ஸ் பெயின்ட்."

போலீஸ் படை மாறியது எப்படி?

பிரான்சு நாட்டில் "ஜாந்தார்மரி" என்ற போலீஸ் படை உண்டு. கிராமப்புறங்களில் காவல் காப்பது அவர்களே. பெரிய படை.

இந்தப் படை லினக்சுக்கு மாறியது. ஆனால் ஒரே நாளில் அல்ல. அதில்தான் இருக்கிறது புத்திசாலித்தனம்.

முதலில், 2005 வாக்கில், மேஸ்திரியை மாற்றாமல் ஆட்களை மட்டும் மாற்றினார்கள். விண்டோஸ் அப்படியே இருந்தது. அதில் ஓப்பன் ஆபீசைக் கொடுத்தார்கள். போலீஸ்காரர்கள் அதில் அறிக்கை எழுதப் பழகினார்கள். 2006-ல் பயர்பாக்சையும், கடிதப் போக்குவரத்துக்குத் "தண்டர்பேர்டு" என்பதையும் கொடுத்தார்கள். அதுவும் பழகிவிட்டது. கடைசியாக, 2008-ல் மேஸ்திரியை மாற்றத் தொடங்கினார்கள். விண்டோஸ் போய், "உபுன்டு" என்ற லினக்ஸ் வந்தது. போலீஸ்காரர் திரையைப் பார்த்தார். அதே ஓப்பன் ஆபீஸ், அதே பயர்பாக்ஸ்!

பெரிய வித்தியாசம் இரண்டுதான், சின்னப் படங்களும் விளையாட்டுகளும். விளையாட்டு எங்களுக்கு முக்கியம் அல்ல என்று அந்தப் படையின் அதிகாரி ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். 2024-ல் அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஓடியது.

எல்லா ஊரிலும் இப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் மியூனிச் நகராட்சி, சுமார் 15 ஆயிரம் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கு மாற்றியது. பல ஆண்டு உழைப்பு. ஆனால் 2017-ல் நகர மன்றம் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் என்ற மாநிலம், 2024-ல் தன் 30 ஆயிரம் கம்ப்யூட்டர்களை லிபர் ஆபீசுக்கு மாற்றத் தீர்மானித்தது. இழுபறி இன்னும் ஓயவில்லை.

நம் பக்கத்திலும் உண்டு. கேரளத்தில் அரசுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்சில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது, அதில் விண்டோசோடு "பாஸ்" என்ற லினக்சும் வந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. அந்த லேப்டாப் பரணில் கிடந்தால், தூசி தட்டி எடுக்கலாம்.

வீட்டில் செய்வது எப்படி?

போலீஸ் படை செய்த அதே வரிசையில் செய்யலாம்.

இப்போது இருக்கும் விண்டோசிலேயே லிபர் ஆபீஸ், பயர்பாக்ஸ், கிம்ப், வி.எல்.சி. நான்கும் ஓடும். நான்கும் இலவசம். அந்தந்தப் புரோகிராமின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டுமே இறக்க வேண்டும். அதே பெயரில், வேண்டாததைச் சேர்த்துக் கட்டித் தரும் போலித் தளங்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு மாதம் அவற்றிலேயே வீட்டு வேலையைச் செய்து பார்க்கட்டும். எது ஓடவில்லை, எது இடிக்கிறது என்று அப்போதே தெரிந்து போகும்.

அடுத்தது ஒத்திகை. லினக்சைக் கம்ப்யூட்டரில் பதிக்காமலே, ஒரு பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். பழைய கம்ப்யூட்டரில் எழுதி வைத்தது எதுவும் கலையாது. வை-பை கிடைக்கிறதா, பாட்டு ஒலிக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பென் டிரைவை எடுத்துவிட்டால், பழையபடி விண்டோஸ் வந்து நிற்கும்.

லினக்சில் பல வகை உண்டு. புதியவர்கள் உபுன்டு அல்லது "லினக்ஸ் மின்ட்" எடுப்பது வழக்கம். உபுன்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த செல்வந்தர். 2002-ல் விண்வெளிக்கே போய் வந்தவர்! முன்பு கேட்டவர்களுக்கு எல்லாம் தபாலில் இலவசமாக சி.டி. அனுப்பி வந்தார்கள். அது 2011-ல் நின்றது. இப்போது இறக்கிக் கொள்ளத்தான் வேண்டும். கம்ப்யூட்டரில் 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் நல்லது. 2 ஜி.பி.தான் என்றால், "எக்ஸ்.எப்.சி.இ." என்ற எளிய முகப்பு உள்ளதை எடுக்க வேண்டும்.

தமிழில் எழுத, தமிழ்99 விசைப்பலகை லினக்சிலேயே இருக்கிறது. லிபர் ஆபீஸ், பயர்பாக்ஸ் இரண்டின் பட்டியல்களையும் தமிழில் மாற்றிக் கொள்ளலாம். தொண்டர்கள் மொழிபெயர்த்து வைத்து இருக்கிறார்கள்.

ஆனால் தமிழ் வீட்டுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. "பாமினி", "வானவில்" போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கடிதங்களை லினக்சில் திறந்தால், ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பயப்பட வேண்டாம். கெட்டுப் போகவில்லை. அந்தக் கடிதம் உள்ளுக்குள் எப்போதும் ஆங்கில எழுத்தாகத்தான் இருந்தது. தமிழ் வேஷம் போட்டது எழுத்துரு. வேஷம் கலைந்ததும் நிஜ முகம் தெரிகிறது! இவற்றை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றி வைத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

யார் மாறக் கூடாது? கடைக் கணக்கை "டாலி"யில் வைத்து இருப்பவர், போட்டோஷாப்பில் தொழில் செய்பவர், இன்டர்நெட் வழியே பெரிய போட்டி விளையாட்டுகள் ஆடும் பிள்ளை - இவர்கள் அவசரப்பட வேண்டாம். டாலியும் போட்டோஷாப்பும் லினக்சுக்கு என்று செய்யப்படவில்லை. டிஜிட்டல் கையெழுத்துக்கு வைத்து இருக்கும் சாவி வேலை செய்யுமா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இரண்டு மேஸ்திரிகளையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக் கொண்டு, திறக்கும்போது வேண்டியவரைக் கூப்பிடும் ஏற்பாடும் உண்டு.

பதிப்பது என்று முடிவு செய்துவிட்டால், அன்று செய்ய வேண்டிய முதல் வேலை வேறு. பதிக்கும்போது, "வட்டை முழுவதும் அழிக்கட்டுமா?" என்று லினக்ஸ் கேட்கும். அவசரத்தில் "சரி" என்று தட்டினால், பழையது அத்தனையும் போய்விடும். பிள்ளைகளின் படங்கள், கல்யாண வீடியோ, பத்திரங்களின் நகல்கள் எல்லாவற்றையும் முந்திய நாளே தனி ஹார்டு டிஸ்கில் ஏற்றி, அதைக் கழற்றி, பீரோவில் வைத்துவிட வேண்டும். ஏற்றியதை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஒன்றிரண்டு படங்களைத் திறந்து பார்த்த பிறகே பீரோவைப் பூட்ட வேண்டும்.